அவிழ்க்க ஆளில்லாத காப்பு

என் வலது மணிக்கட்டில் ஒரு நூல் இருக்கிறது. கட்டியபோது நல்ல மஞ்சள். இப்போது மாவு தூசியும் குளிக்கிற தண்ணீரும் பட்டுப் பட்டு, என்ன கலர் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. அதில் முடிந்திருந்த மஞ்சள் துண்டு சுருங்கி சுண்டைக்காய் வற்றல் மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்பார்கள்: "எந்தக் கோயில் காப்புங்க? எப்பத் திருவிழா?"

"ஆடி மாசத் திருவிழாங்க" என்பேன்.

அவர்கள் கேட்பது தை மாதத்தில். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

நான் ஜாஸ்தி படித்தவன் இல்லை. எட்டாவதோடு சரி. வேங்கிக்கால் போகிற வழியில் எங்கள் தெரு. ஒரு காலத்தில் அது தனி ஊர், சுற்றிலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் காடு. இப்போது திருவண்ணாமலை டவுனே வளர்ந்து வந்து எங்களை உள்ளே இழுத்துக்கொண்டது. தெரு முனையில் என் மாவு மிஷின். மிஷினுக்கு எதிரே நூறடி தள்ளி எங்கள் அம்மன் கோயில். கோயிலுக்குப் பின்னால் ஒரு வேப்ப மரம், அதற்கும் பின்னால் காலனி. காலையில் மிஷினைத் திறந்ததும் மலைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு, அம்மன் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு, அப்புறம்தான் சுவிட்சைப் போடுவேன். இதற்கு மேல் பெரிய பக்தி எனக்குத் தெரியாது. பௌர்ணமிக்கு கிரிவலம் போவேன். ஆடியில் கூழ் ஊற்றுவோம்.

கூழைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆடி மாதத்தில் வீட்டுக்கு வீடு கேவுரு, அதான் கேழ்வரகு மாவில் கூழ் காய்ச்சி, குடத்தில் எடுத்து வந்து, அம்மன் எதிரே வைத்திருக்கிற பெரிய அண்டாவில் ஊற்றுவார்கள். பணக்கார வீட்டுக் கூழ், ஏழை வீட்டுக் கூழ், உப்பு ஜாஸ்தி போட்டது, கம்மி போட்டது, எல்லாம் அந்த அண்டாவில் ஒன்றாகிவிடும். அப்புறம் கலக்கி எல்லாருக்கும் ஊற்றுவார்கள். காலனிக்காரர்களுக்கு மட்டும் வேப்ப மரத்தடியில் தனி அண்டா. அவர்கள் கூழ் அவர்கள் அண்டாவில். எங்கள் அப்பா காலத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான். நான் சின்ன வயதில் அதைப் பற்றி யோசித்ததில்லை. மரம் அங்கே இருக்கிற மாதிரி அண்டாவும் அங்கே இருந்தது.

போன ஆடிக்கு காலனியிலிருந்து சொன்னார்கள்: "இந்த வருஷம் எங்க கூழும் அம்மன் எதிர்ல இருக்கிற அண்டாவுலதான்."

சொன்னது ஒரு எலக்ட்ரீஷியன். முப்பத்தைந்து வயது இருக்கும். என் மிஷின் மோட்டாரில் காயில் கருகிப் போனால் வந்து கட்டிக் கொடுப்பவன் அவன்தான். என்னை அண்ணா என்பான். கோயில் தர்மகர்த்தா என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. ஆக, இரண்டு பக்கமும் எனக்கு வேண்டியவர்கள்.

அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "கோயில் எங்க முப்பாட்டன் கட்டினது" என்றார். "கோயில் இருக்கிற இடம் புறம்போக்கு, பொது இடம்" என்றான் எலக்ட்ரீஷியன். மனு போனது. அதுவரைக்கும் எங்கள் அம்மன் எந்த ஆபீஸ் கணக்கிலும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். மனு போன பிறகு நில அளவை வந்தது, போட்டோ எடுத்தார்கள், இது தனியார் கோயிலா பொதுக் கோயிலா என்று கேட்டார்கள். சமாதானக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள்.

கூட்டத்தை நடத்தியது ஒரு அதிகாரி அம்மா. சின்ன வயசு. கத்தாமல், மரியாதையாகப் பேசினார். கரகம் எடுக்கிறவன் என்பதால் நானும் போயிருந்தேன். "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். எனக்கு நாலு பேர் மத்தியில் பேசிப் பழக்கமில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

"அம்மா, நான் மிஷின் வச்சிருக்கேன். ஆடிக்கு ரெண்டு பக்கத்து கேவுரும் என் மிஷின்லதான் அரைக்கிறாங்க. ஒருத்தர் மாவு அரைச்சா உள்ள கொஞ்சம் தங்கும். அது அடுத்தவங்க மாவுல போயி சேரும். முதல்ல இவங்க மாவு, அப்புறம் அவங்க மாவு, வரிசைப்படிதான். இத்தினி வருஷத்துல ஒருத்தரும் மிஷினைக் கழுவிட்டு அரைன்னு சொன்னதில்லை. மிஷின்ல கலந்ததை அண்டாவுல ஏன் பிரிக்கணும்? வரட்டுமே."

அண்ணன்தான் சிரித்தார். "மிஷின்காரன் பேச்சும் மாவு மாதிரிதான் இருக்குது. ஊதினா பறந்துடும்."

எங்கள் தெரு ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். காலனிப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை, ஆனால் என்னை நம்பின மாதிரியும் தெரியவில்லை. ஒரு வயசான அம்மா மட்டும், "இப்ப சொல்றியே சாமி, இத்தினி வருஷமா கரகம் எடுத்தியே, அப்பல்லாம் எங்க போச்சு இந்த மாவு?" என்றாள்.

கூட்டத்தில் ஒன்றும் முடியவில்லை. ஆனால் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் நெருங்கிவிட்டது. கட்டினோம்.

காப்பு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரகம் எடுக்கிறவனுக்குப் பூசாரி அம்மன் காலடியில் வைத்து மஞ்சள் நூல் கட்டுவார். கட்டின நிமிஷத்திலிருந்து திருவிழா முடிந்து அதே காலடியில் அவிழ்க்கிற வரைக்கும் அவன் அவளுடைய ஆள். செருப்புப் போடக் கூடாது. சவரம் கிடையாது. கவிச்சி கிடையாது. கட்டில் மெத்தை கிடையாது. பகலில் வெளியூர் போகலாம், ராத்தங்கக் கூடாது. முக்கியமாக, சாவு விழுந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது. யார் சாவானாலும் சரி. பத்துப் பன்னிரண்டு நாள் சமாச்சாரம் என்பதால் இதையெல்லாம் யாரும் கஷ்டமாக நினைத்ததில்லை.

கூழ் ஊற்றுகிற அன்று காலையில் காலனிப் பெண்கள் குடத்தோடு கோயில் வாசலுக்கு வந்தார்கள். எங்கள் தெரு ஆட்கள் குறுக்கே நின்றார்கள். யார் யாரைத் தள்ளினார்கள் என்று என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது, நான் கரகத்துக்குப் பூச் சுற்றிக்கொண்டு உள்ளே இருந்தேன். குடம் உடைகிற சத்தம் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் தரையெல்லாம் கூழ். அது யார் வீட்டுக் கூழ் என்று பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. மாவு அரைத்த எனக்கே தெரியாது.

மத்தியானத்துக்குள் போலீஸ் வேன் வந்தது. சட்டம் ஒழுங்கு என்று சொல்லி எல்லாரையும் வெளியே போகச் சொன்னார்கள். பூசாரி கெஞ்சி ஒரு விளக்கை மட்டும் ஏற்றி வைத்துவிட்டு வந்தார். கதவைச் சாத்தி, பூட்டி, பூட்டுக்கு வெள்ளைத் துணி சுற்றி அரக்கு வைத்தார்கள். அந்த விளக்கு எவ்வளவு நேரம் எரிந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

என் கையில் காப்பு இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் பூசாரியிடம் கேட்டேன். "அவ காலடியில கட்டினது, அவ காலடியிலதான் அவுக்கணும். கதவு திறக்கட்டும். ரெண்டு நாள்ல திறந்துடுவாங்க" என்றார்.

கேஸ் கோர்ட்டுக்குப் போனது. ஆவணி வந்தது.

ஆவணியில் எங்கள் அக்காவுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்த அக்கா. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னைத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பினது, என் கல்யாணத்தில் அம்மா ஸ்தானத்தில் நின்றது எல்லாம் அவள்தான். வயிற்றில் கட்டி. டாக்டர் அக்காவின் பெரிய மகனிடம் தனியாகச் சொல்லிவிட்டார், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று. அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

முடிந்தபோதெல்லாம் காலை பஸ் பிடித்துப் போவேன். வெறும் காலோடு போய் நிற்பேன். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன்.

"இன்னாடா, வந்ததுமே கடிகாரத்தைப் பார்க்கிற? உன் அம்மன் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாளா?" என்பாள்.

"ராத்தங்கக் கூடாது இல்லக்கா."

"காப்பு கட்டினா பத்து நாள் கட்டுவாங்க. இது இன்னாடா, கோர்ட்டு கட்டின காப்பா?" சிரிப்பாள், சிரித்தால் வலிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரிப்பாள். "உங்க கோயில் சாவி கவர்மென்ட்டு கையில இருக்குது. என் சாவி எமன் கையில இருக்குது. யாரு முதல்ல திறக்கிறாங்கன்னு பார்க்கலாம்."

"அப்படிப் பேசாதக்கா."

"பின்ன எப்படிப் பேசச் சொல்ற? டேய், ஒண்ணு சொல்லிடறேன். கோடி நீதான் போடணும். உன் பொண்டாட்டிகிட்ட குடுத்து அனுப்பினேன்னு வச்சுக்க, எழுந்து உட்கார்ந்துடுவேன். அப்புறம் எல்லாரும் பயந்து ஓடுவாங்க. பச்சை கலர் மட்டும் எடுக்காத. எனக்குக் கல்யாணத்துலயும் பச்சை, சீமந்தத்துலயும் பச்சை. போதும்."

எங்கள் பக்கத்தில் பெண் எத்தனை வயதில் செத்தாலும் பிறந்த வீட்டுக் கோடி மேலே விழாமல் தூக்க மாட்டார்கள். அண்ணனோ தம்பியோ புதுப்புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அக்காவுக்கு நான் ஒருத்தன்தான். அவள் கேட்டது பெரிய ஆசை இல்லை. ஒரு புடவை, என் கையால். அதற்கு என் கையில் இருக்கிற நூல் போக வேண்டும். நூல் போக வேண்டும் என்றால் பூட்டுத் திறக்க வேண்டும்.

"அறுத்துப் போட்டுட்டுப் போயேன்" என்று என் மனைவியே ஒரு நாள் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என்னால் முடியவில்லை. அதை எப்படிப் புரியவைப்பேன் என்று தெரியவில்லை. பயம் என்று சொன்னால் பயம்தான். ஆனால் பயம் மட்டும் இல்லை. நான் அம்மனிடம் ஒன்று சொல்லிக் கட்டிக்கொண்டேன். அவள் உள்ளே பூட்டிக் கிடக்கிறாள், பூ இல்லை, விளக்கு இல்லை. அவளுக்கென்று வெளியே இருப்பது என் கையில் இருக்கிற இந்த நூல் ஒன்றுதான் என்று தோன்றும். அதையும் அறுத்துவிட்டால்?

பெரிய கோயிலில் தெரிந்த ஒரு குருக்களைக் கேட்டேன். அங்கே அவிழ்த்து வைக்கலாமா என்று. அவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "அங்க கட்டினதை நாங்க எப்படிப்பா அவிழ்க்கிறது? அந்த அம்மன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் காலை எலக்ட்ரீஷியன் மனைவி மிஷினுக்கு வந்தாள். அரிசி அரைக்க வந்தவள் மாதிரித் தூக்கோடு நின்றாள். மற்றவர்கள் போகிற வரைக்கும் காத்திருந்தாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வார்டு வேலை செய்கிறவள், கான்ட்ராக்டில். புடவைத் தலைப்பை விலக்கி வலது கையைக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

"அண்ணா, நீங்க அவுத்துட்டீங்களா?"

"இல்லம்மா. உனக்கு யாரு கட்டினாங்க?"

"யாரு கட்டுவாங்க? உங்களுக்கு உள்ள கட்டினாங்க இல்ல, அப்ப நான் வேப்ப மரத்துகிட்ட நின்னு நானே கட்டிக்கிட்டேன். வேலை பெர்மனென்ட் ஆகணும்னு வேண்டுதல். ஒரு கையால முடிச்சுப் போட வரல. பல்லால இழுத்தேன்." முடிச்சைத் தொட்டுக்கொண்டே கேட்டாள். "அது செல்லுமா அண்ணா?"

நான் யார் அதைச் சொல்ல? ஆனால் அவள் கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளைப் பார்த்துதானே கட்டின?"

"தூரத்துல இருந்து."

"செல்லும்மா."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த காப்புக் கட்டுப்பாடெல்லாம் அவளுக்குத் தெரியாது, கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. அவளாக யோசித்து ஆடியிலிருந்து நைட் டூட்டி போகாமல் இருந்திருக்கிறாள், ராத்தங்கக் கூடாது என்று யாரோ சொல்லக் கேட்டு. சூப்பர்வைசர் திட்டுகிறானாம். இன்னொன்றும் கேட்டாள்.

"வார்டுல தெனமும் யாராவது செத்துப் போறாங்க அண்ணா. நான்தான் துணி மாத்தறேன். அப்ப என் காப்பு தீட்டாயிடுச்சா?"

மிஷின் பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதை நிறுத்தினேன்.

"ஆஸ்பத்திரிக்குத் தீட்டு கிடையாதும்மா" என்றேன். "அது வீடு இல்ல. நீ டூட்டிக்குப் போ. நைட் டூட்டிக்கும் போ."

எந்தப் பெரியவர் சொல்லியும் நான் அதைக் கேட்டதில்லை. அவளுக்காக அந்த இடத்தில் வாயில் வந்தது. அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. திங்கட்கிழமை மனு கொடுக்கிற நாளில் அதிகாரி அம்மாவைப் போய்ப் பார்த்தேன். என் கையைப் பார்த்ததும் அவருக்கே திடுக்கென்றது. "இன்னுமா கட்டியிருக்கீங்க?"

"அம்மா, கோயிலைத் திறக்கச் சொல்லல. பத்து நிமிஷம். நானும் காலனியில ஒரு பொண்ணும், ரெண்டு பேரு மட்டும். பூசாரி வரட்டும், போலீஸ் வரட்டும், நீங்களே வந்து நில்லுங்க. காப்பை அவுத்துட்டு வெளிய வந்துடறோம். அக்காவுக்கு உடம்பு சரியில்லம்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க வீட்லயும் குலதெய்வம் இருக்கு. எனக்குப் புரியாம இல்லை. ஆனா ஒரு தரப்புக்குத் திறந்தேன்னு வந்துட்டா நாளைக்கு கோர்ட்ல நான் பதில் சொல்லணும். ரெண்டு தரப்பும் எழுத்துல சம்மதம் குடுக்கட்டும். அன்னிக்கே திறக்கிறேன்."

நான் சந்தோஷமாகத்தான் திரும்பி வந்தேன். பத்து நிமிஷத்துக்கு யார் சம்மதம் தர மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அண்ணன் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, நிதானமாகப் பேசினார். "அந்தப் பொண்ணு உள்ள போயி காப்பு அவுத்தா, அவங்களுக்குக் காப்புக் கட்ற உரிமை உண்டுன்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. வேணாம். இன்னொண்ணும் யோசி. உன் கையில காப்பு இருக்கிற வரைக்கும்தான் திருவிழா பாதியில நின்னுச்சுன்னு நம்ம வக்கீல் பேச முடியும். நீ அவுத்துட்டா திருவிழா முடிஞ்சுதுன்னு அர்த்தம். உன் கைதாண்டா நம்ம கேஸு."

"அக்கா உங்களுக்கும் அக்காதான்" என்றேன்.

"எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா?" என்றார். வருத்தம் இருந்தது. அவர் கண்ணில் பார்த்தேன். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவன் மனைவி வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணா, உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா கூழ் கொண்டாந்த பொம்பளைங்களை ரோட்ல தள்ளினாங்க. இப்ப போலீஸ் காவலோட பத்து நிமிஷம் திருட்டுத்தனமா உள்ள போயி கும்பிட்டுட்டு வரணுமா? போனா குடத்தோட போவோம். எல்லாரும் போவோம். இல்லன்னா இவளும் போக வேணாம்."

அவன் சொன்னதில் தப்பு எங்கே என்று வீடு வருகிற வழியெல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. அதிகாரி சொன்னதிலும் கிடைக்கவில்லை. அண்ணன் சொன்னதில் தப்பு இருந்தது, அதை எடுத்துச் சொல்ல எனக்குத்தான் வாய் போதவில்லை. இத்தனை பேர் பேசினார்களே, உள்ளே இருக்கிறவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று மட்டும் நினைத்தேன்.

தீபம் வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். வண்டிகளை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் மிஷின் வாசலிலிருந்தே கையை மேலே தூக்கிக் கும்பிட்டேன். கும்பிடுகிற கையில் காப்பு. அப்பனே, கதவைத் திறக்க வை, இல்லை என்றால் அக்காவை இன்னும் கொஞ்ச நாள் வை என்று கேட்டேன். இரண்டில் எதை முதலில் கேட்பது என்று கூட எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஆம்புலன்ஸில் எங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தார்கள். மத்தியானம் போய்ப் பார்த்தேன். கண்ணைத் திறந்து என் கையைத்தான் முதலில் பார்த்தாள். நூல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. தீபம் இன்னும் பத்து நாள் எரியும், மாலை ஆனதும் அங்கிருந்தே தெரியும் என்று அவளிடம் சொன்னேன். கேட்டாளா தெரியாது.

மறுநாள் விடியற்காலையில் போன் வந்தது. அக்கா மகன் இல்லை. எலக்ட்ரீஷியன் மனைவி.

"அண்ணா, உங்க அக்கா போயிட்டாங்க. இப்பதான். இன்னும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகல. இங்கேயே வந்து பார்த்துடுங்க." நான் கையில் இருந்த நூலைப் பார்த்தேன். அவளே சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குத் தீட்டு இல்லன்னு நீங்கதானே அண்ணா சொன்னீங்க."

நான் ஓடினேன். வெறும் காலோடு அந்த ரோடெல்லாம் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. ஜவுளிக் கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. தீபத்துக்கு வந்தவர்கள் கடைப் படிகளில் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னாலேயே கோடி வாங்கி வைக்கலாமே என்று கேட்கலாம். உயிரோடு இருக்கிற அக்காவுக்கு யாராவது கோடி வாங்கி வைப்பார்களா?

வார்டில் அக்காவின் சின்ன மகன் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தான். "மாமா, காப்பு..."

"இங்க தீட்டு இல்லப்பா" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

எலக்ட்ரீஷியன் மனைவி அக்காவுக்குத் துணி மாற்றி, தலை சீவி, நெற்றியில் விபூதி வைத்திருந்தாள். அவள் கையிலும் காப்பு. ஆஸ்பத்திரி வெள்ளைத் துணிதான் போர்த்தியிருந்தது. நான் பாதத்தைப் பிடித்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அன்றைக்கு மிஷினில் எலக்ட்ரீஷியன் மனைவிக்குச் சொல்லும்போது எவ்வளவு தைரியமாகச் சொன்னேன். எனக்கென்று வந்தபோது நான் சொன்னதை நானே நம்பினேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. பாதம் சில்லென்று இருந்தது.

வண்டி கீழ்பென்னாத்தூர் போனது. நான் போகவில்லை. கடை திறந்ததும் மெரூன் கலரில் புடவை எடுத்து என் மனைவியிடம் கொடுத்து அனுப்பினேன். அக்கா எழுந்து உட்காரவில்லை. என் மனைவி கையால்தான் கோடி விழுந்தது. சுடுகாட்டுக்குக் கிளம்பும்வரை "தம்பி எங்க, தம்பி எங்க" என்று ஆளாளுக்குக் கேட்டார்களாம். அக்காவின் பெரிய மகன் அதற்கப்புறம் என்னிடம் பேசுவதில்லை. "எங்க அம்மாவை விட உங்களுக்கு நூல்தான் பெருசு" என்று மட்டும் ஒரு நாள் சொன்னான். சின்னவன் போனில் பேசுவான், மாமா என்று கூப்பிடுவதற்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விடுவான்.

அக்கா போன அன்று மத்தியானமே அண்ணன் நாலு பேரோடு மிஷினுக்கு வந்தார். அதில் ஒருத்தர் கட்சிக்காரர், கையில் போன். "கையைக் கொஞ்சம் மேல தூக்குங்க. முகத்தைக் கொஞ்சம் இப்படி." நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். காப்போடு இருக்கிற பழைய போட்டோ ஒன்றை வைத்துக்கொண்டார்கள். சொந்த அக்கா சாவுக்குப் போக முடியாத பக்தன், அரசின் அநியாயம் என்று அது எல்லார் போனிலும் வந்தது. சாயங்காலம் அதே போட்டோ வேறு எழுத்தோடு வந்தது: சக மனுஷனைச் சேர்க்கக் கூடாது என்பதற்காகக் கட்டிய காப்பு, பாருங்கள். இரண்டையும் என் மனைவிதான் படித்துக் காட்டினாள். இரண்டிலும் இருந்தது என் கை. எதிலும் அக்கா இல்லை.

அன்றைக்கு வார்டில் என் காப்பு போய்விட்டதா, இருக்கிறதா? பூசாரியைக் கேட்டேன். "சொல்லத் தெரியலப்பா. அம்மன் முன்னால பூ வச்சுக் கேட்டாத்தான் தெரியும்" என்றார். பூ வைத்துக் கேட்பதற்கும் கதவு திறக்க வேண்டும்.

அதனால் செருப்புப் போடவில்லை. கவிச்சி தொடவில்லை. கட்டிலில் படுக்கவில்லை. செல்லுகிற காப்பா, செத்த காப்பா என்று தெரியாமலே கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் பூட்டின கதவுக்கு எதிரே ஒரு சூடம் ஏற்றலாம் என்று இப்போது விட்டிருக்கிறார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருப்பார். நல்ல பையன். ஆனால் அவருக்கு ஆர்டர் இருக்கிறது: இரண்டு தரப்பு ஆட்களும் ஒரே நேரத்தில் கோயில் முன்னால் நிற்கக் கூடாது.

போன வெள்ளி நான் போனபோது எலக்ட்ரீஷியன் மனைவி வந்து நின்றிருந்தாள். டூட்டி முடிந்து நேராக வந்திருக்கிறாள், பச்சை யூனிஃபார்ம் மேலேயே தலைப்பைப் போட்டுக்கொண்டு. ஒரே சூடமாக ஏற்றிவிடலாம் என்று பக்கத்தில் போனேன்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் கான்ஸ்டபிள். "அந்தம்மா முடிச்சதும் நீங்க. ஆளுக்கு அஞ்சு நிமிஷம். கேமரா இருக்குது, எனக்குத்தான் திட்டு விழும்."

"நாங்க சண்டைக்காரங்க இல்ல சார்" என்றாள் அவள்.

"தெரியுதும்மா. ஆனா ஆர்டர்."

நான் ரோட்டைத் தாண்டி என் மிஷின் வாசலுக்கு வந்து நின்றேன். அவள் காற்றுக்குக் கையை மறைத்துக்கொண்டு சூடத்தை ஏற்றினாள். மறைக்கிற கையில் நூல் தெரிந்தது. சூடம் அணைந்த பிறகு என் பக்கம் திரும்பி, முடிந்தது, வாங்க என்று தலையை அசைத்தாள். நான் கான்ஸ்டபிளைப் பார்த்தேன். அவர் வாட்சைப் பார்த்தார்.